களத்தில் இறங்காத பயிற்சியாளர்: இணையக் கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு வியூகம்

பஸ்ஸர்பீட்டர் என்பது கணினி உலாவியில் ஆடப்படும் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டு. 2007-இல் தொடங்கியது. இதை ஆடுபவர் பந்தைத் தொடுவதில்லை. விசையை அழுத்தி வீரரை ஓடவைப்பதும் இல்லை. அவர் பொறுப்பில் ஓர் அணி, ஓர் அரங்கம், ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கின்றன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னதாக அவர் உத்தரவுகளைக் கொடுத்துவிட வேண்டும்: ஐந்து இடங்களுக்கு யார் யார், தாக்குதல் எந்தப் பாணி, தற்காப்பு எந்த வகை, எவ்வளவு முயற்சி. குறித்த நேரத்தில் கணினி ஆட்டத்தை நடத்தும். அதன்பிறகு அவர் வெறும் பார்வையாளர். பந்து காற்றில் எழும்பியபின் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி 1997-இல் சுவீடனில் தொடங்கிய ஹாட்ரிக் என்ற கால்பந்து மேலாண்மை விளையாட்டு. வாரக்கணக்கில் மெதுவாக நகரும் சீசன், உயிருள்ள எதிராளிகள், ஆட்டத்துக்கு முன் முடிந்துவிடும் உத்தரவுகள் ஆகிய மூன்றும் அதிலிருந்தே வழிவழியாக வருகின்றன. உண்மையான பயிற்சியாளர் இடைவேளையில் திட்டத்தைத் திருத்தலாம், டைம் அவுட் கேட்கலாம். இங்கே அந்த வாய்ப்புகள் இல்லாததால் முழு வேலையும் ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் நடக்கிறது. எந்த ஆட்டத்தில் எதைச் செலவிடுவது, எதில் சேமிப்பது என்ற முடிவுதான் இதன் வியூகம். எல்லா ஆட்டத்தையும் முழு மூச்சுடன் ஆடும் அணி பெரும்பாலும் சீசன் முடிவில் பின்தங்கியே நிற்கும்.

சீசனின் கட்டமைப்பு

ஒரு லீக்கில் 16 அணிகள். அவை எட்டு எட்டாக இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்படும். ஓர் அணி தன் பிரிவிலுள்ள மற்ற ஏழு அணிகளுடன் இரண்டு முறையும் எதிர்ப்பிரிவின் எட்டு அணிகளுடன் ஒரு முறையும் மோதும். ஆக லீக் ஆட்டங்கள் 22. ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு இடம் பெறுபவை பிளே ஆஃப் சுற்றுக்குப் போகும்; அடிமட்டத்தில் இருப்பவை கீழ்நிலை லீக்குக்கு இறங்கும் ஆபத்தில் இருக்கும். வழக்கமாக வாரத்துக்கு இரண்டு லீக் ஆட்டங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ வரும்.

இந்த அமைப்பே எல்லா ஆட்டமும் சமமல்ல என்பதைச் சொல்லிவிடுகிறது. தன் பிரிவில் தனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் அணியை வென்றால் தனக்கு ஒரு வெற்றி கூடுகிறது, போட்டியாளருக்கு ஒரு தோல்வி கூடுகிறது. எதிர்ப்பிரிவு அணியை வென்றால் முதல் பாதி மட்டுமே கிடைக்கும். சொந்த அரங்கில் ஆடுவோருக்குச் சாதகமும் உண்டு. ஆகவே அனுபவமுள்ள மேலாளர் அட்டவணை வந்த அன்றே 22 ஆட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்துவிடுவார்: எப்படி ஆடினாலும் வெல்லக்கூடியவை, எப்படி ஆடினாலும் தோற்கக்கூடியவை, இரண்டும் கெட்டானாக நடுவில் நிற்பவை. சீசனின் விதியை மூன்றாம் வகைதான் தீர்மானிக்கிறது.

வீரர்களை எடைபோடுதல்

ஒவ்வொரு வீரருக்கும் திறன்கள் தனித்தனியாக அளக்கப்படுகின்றன. ஜம்ப் ஷாட், தொலைவிலிருந்து எறியும் வீச்சு, வெளித் தற்காப்பு, பந்தைக் கையாளுதல், ஊடுருவி ஓடுதல், பாஸ், கூடையடி ஷாட், உள் தற்காப்பு, ரீபவுண்டு, ஷாட்டைத் தடுத்தல் ஆகிய பத்தும் முதன்மையானவை. தாங்குதிறன், ஃப்ரீ த்ரோ, அனுபவம் ஆகியவை கூடுதலானவை.

பாயிண்ட் கார்டுக்குப் பாஸும் கையாளுதலும் வெளித் தற்காப்பும் வேண்டும். ஷூட்டிங் கார்டுக்கு ஜம்ப் ஷாட்டும் வீச்சும். சென்டருக்கும் பவர் ஃபார்வேர்டுக்கும் கூடையடி ஷாட், உள் தற்காப்பு, ரீபவுண்டு. ஸ்மால் ஃபார்வேர்டு இரண்டு உலகத்துக்கும் பாலம் போடுபவர் என்பதால் அந்த இடத்துக்குப் பல திறன்களும் ஓரளவாவது தேவை. அப்படிப்பட்டவரை உருவாக்குவதுதான் கடினம், விலையும் அதிகம்.

ஆட்டம் முடிந்ததும் அணிக்கு ஆறு மதிப்பீடுகள் வெளியாகும்: வெளித் தாக்குதல், உள் தாக்குதல், வெளித் தற்காப்பு, உள் தற்காப்பு, ரீபவுண்டு, தாக்குதலின் ஓட்டம். கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. பந்து நல்ல இடத்தில் நிற்கும் வீரருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை அது காட்டுகிறது. ஐந்து பேரும் அபாரமாக எறிபவர்களாக இருந்தும் பாஸ் கொடுக்க ஆளில்லாத அணி, கைநிறையக் கடினமான ஷாட்டுகளை எறிந்து தோற்கும்.

தாக்குதல் பாணிகள்

தாக்குதல் பாணியைத் தேர்ந்தெடுக்கும்போது மேலாளர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பந்து எங்கே போகவேண்டும்? எவ்வளவு வேகத்தில்?

உள்ளே, அதாவது கூடைக்கு அருகில் பந்தைத் தள்ளும் பாணிகள் 'லுக் இன்சைடு', 'லோ போஸ்ட்'. இவற்றில் 'லோ போஸ்ட்' நிதானமானது. வெளியிலிருந்து எறிபவை 'மோஷன்', 'ரன் அண்ட் கன்', 'பிரின்ஸ்டன்'. இவற்றில் 'ரன் அண்ட் கன்' அதிவேகம், 'பிரின்ஸ்டன்' பொறுமை. எந்தப் பக்கமும் சாயாதவை 'பேஸ் அஃபென்ஸ்', வேகமான 'புஷ் தி பால்', மெதுவான 'பேஷன்ட்'. தனி வீரர் ஒருவரை நம்பி ஆடும் 'ஐசோலேஷன்' பாணிகளும் உண்டு.

இந்தப் பெயர்கள் பெரும்பாலும் அசல் கூடைப்பந்திலிருந்து வந்தவை. பிரின்ஸ்டன் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் 1996 வரை பயிற்சியாளராக இருந்த பீட் கேரில். உயரமும் வேகமும் குறைந்த மாணவர்களை வைத்துக்கொண்டு, பந்தை ஓயாமல் பாஸ் செய்து, எதிரணி ஏமாறும் கணத்தில் பின்பக்கமாகக் கூடைக்கு ஓடும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். 1996-இல் முந்தைய ஆண்டின் தேசியச் சாம்பியனான யூசிஎல்ஏ அணியை பிரின்ஸ்டன் 43-41 என வீழ்த்தியது. வேகத்துக்கு உதாரணம் 2004-05 சீசனில் மைக் டி'அன்டோனியின் பயிற்சியில் 62 ஆட்டங்களை வென்ற ஃபீனிக்ஸ் சன்ஸ். பந்து கைக்கு வந்த ஏழு நொடிக்குள் எறிந்துவிடுவது என்பதே அந்த அணியின் அடையாளமாகிப்போனது.

43-41 என்ற எண்ணிக்கையில் மேலாளருக்கு ஒரு பாடம் உண்டு. ஓர் அணியின் கையில் பந்து இருக்கும் ஒவ்வொரு முறையையும் பொசஷன் என்பார்கள். பொசஷன்கள் கூடக்கூட திறமையின் வித்தியாசம் வெளிப்பட்டுவிடும். குறையக்குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு பெருகும். எனவே பலவீனமான அணி மெதுவாக ஆடுவதும் பலமான அணி வேகமாக ஆடுவதும் பொது விதி. ஆனால் வேகத்தால் கிடைக்கும் லாபம் சிறியது. தன் வீரர்களுக்குப் பொருந்தாத பாணியை வேகத்துக்காக மட்டும் எடுப்பவர் லாபத்தைவிட அதிகமாக இழப்பார். நல்ல சென்டர் உள்ள அணி 'பிரின்ஸ்டன்' ஆடுவதில் பயனில்லை.

தற்காப்பு வகைகள்

ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் 'மேன்-டு-மேன்' தான் அடிப்படை. இதில் ஒவ்வொரு இடத்திலும் யார் யாரை எதிர்கொள்கிறார் என்பது முக்கியமாகிறது. எதிரணியின் சிறந்த ஷூட்டரை நம் அணியின் பலவீனமான தற்காப்பாளர் காவல் காக்கும்படி அமைந்துவிட்டால், மற்ற நான்கு இடங்களில் ஜெயித்தும் ஆட்டம் கைநழுவலாம்.

இடத்தைக் காவல் காக்கும் 'சோன்' முறைகளில் 2-3 சோன் கூடைக்கு அருகே கூட்டத்தைச் சேர்க்கிறது. உள் தற்காப்பும் ரீபவுண்டும் கூடும், வெளியே ஓட்டை விழும். 3-2 சோன் இதற்கு நேரெதிர். 2-3 சோனை ஒரே வழியாகப் பிடித்துக்கொண்டு பேர் வாங்கியவர் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜிம் போஹைம்; 2003-இல் அந்த அணி தேசியச் சாம்பியன் ஆனது. என்பிஏ-வில் சோன் தற்காப்புக்கு இருந்த தடை 2001-02 சீசனில்தான் விலக்கப்பட்டது.

'பாக்ஸ் அண்ட் ஒன்' என்பது நால்வர் சோனில் நிற்க, ஒருவர் மட்டும் எதிரணியின் நட்சத்திரத்தை நிழல்போல் தொடரும் முறை. 2019 என்பிஏ இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் ஸ்டீஃபன் கரியைக் கட்டுப்படுத்த டொரண்டோ பயிற்சியாளர் நிக் நர்ஸ் இதைக் கையில் எடுத்தபோது பலர் வியந்தார்கள். பள்ளி ஆட்டங்களில் பார்ப்பதை இங்கே பார்க்கிறோமே என்றார்கள். அந்த ஆட்டத்தில் டொரண்டோ 109-104 எனத் தோற்றது. தொடரை 4-2 என வென்றது. இணைய விளையாட்டிலும் இந்த முறையின் பயன் அப்படித்தான்: ஒற்றை நட்சத்திரத்தை நம்பும் அணிக்கு எதிராக மட்டும் எடுக்க வேண்டிய ஆயுதம். மைதானம் முழுவதும் துரத்தும் 'ஃபுல் கோர்ட் பிரஸ்' எதிரணியைப் பந்தைத் தவறவிடச் செய்யும்; பதிலுக்குத் தன் வீரர்களைக் களைப்படையவும் செய்யும். எதிரணிக் கார்டுகளுக்குக் கையாளும் திறன் குறைவாக இருந்தால்தான் அது கட்டுப்படியாகும்.

எதிரணியைப் படித்தல்

ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் மேலாளர் பார்க்க வேண்டிய முதல் பக்கம் எதிரணியின் பழைய ஆட்டங்கள். அவர்கள் கடைசி ஐந்தாறு ஆட்டங்களில் எந்தப் பாணியை ஆடினார்கள், வலுவான எதிராளி வந்தபோது மாற்றினார்களா, யார் எத்தனை நிமிடம் ஆடினார், யாருக்குக் காயம் என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

பழக்கம்தான் இங்கே பெரிய தகவல். பெரும்பாலான மேலாளர்கள் தங்கள் வீரர்களுக்குப் பொருந்தும் ஒரே பாணியைச் சீசன் முழுதும் ஆடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டவருக்கு இந்த விளையாட்டு நேரடியாகவே பரிசு தருகிறது. எதிரணி உள்ளே தாக்குமா, வெளியிலிருந்தா, சமமாகவா என்பதையும் அதன் வேகத்தையும் முன்கூட்டியே ஊகித்துக் குறித்துவைக்கலாம். ஊகம் சரியென்றால் தற்காப்பு வலுக்கும், தவறினால் பாதிப்பு.

இங்கேதான் விளையாட்டுக் கோட்பாடு நுழைகிறது. இருவர் ஒருவர் மனதை ஒருவர் ஊகித்து ஆடும் இத்தகைய ஆட்டத்துக்கு ஜான் வான் நியூமன் 1928-இல் கணித அடித்தளம் போட்டார். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். எதிரணி உள்ளே தாக்குவதில் வல்லது. நாமும் உள்ளே என ஊகித்துத் தயாராக நின்றால் அது நூறு பொசஷனுக்கு 98 புள்ளி எடுக்கும். தவறாக வெளியே என ஊகித்தால் 110. அது மாற்றி வெளியே தாக்கும்போது நாம் உள்ளே ஊகித்திருந்தால் 106. வெளியே என்று சரியாக ஊகித்திருந்தால் 92.

நாம் எப்போதும் உள்ளே என்றே குறித்துவைத்தால், எதிரணி அதைக் கண்டுகொண்டு வெளியே தாக்கி 106 எடுத்துவிடும். எப்போதும் வெளியே என்று குறித்தால் 110. இரண்டையும் கலந்தால்தான் குறைவான சேதம். கணக்குப் போட்டால், பத்தில் ஏழு தடவை உள்ளே, மூன்று தடவை வெளியே என ஊகிப்பது சரியான கலவை. எதிரணி என்ன செய்தாலும் ஏறத்தாழ 102 புள்ளிக்கு மேல் போகாது. எதிரணியின் பக்கமிருந்து பார்த்தால் விடை வேறு. அது உள்ளே தாக்க வேண்டியது 54 சதவீதம் மட்டுமே. தன் பலம் உள்ளே என்பதாலேயே அங்கு காவல் கூடுதலாக இருக்கும். எனவே அந்தப் பலத்தை அது அளவோடு பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் எதிராளி இவ்வளவு கச்சிதமாகக் கலப்பதில்லை. பத்து ஆட்டத்தில் பத்தும் 'லுக் இன்சைடு' ஆடியவர் பதினோராவதிலும் அதையே ஆடுவார் என்று நம்பி இறங்குவதே லாபம். பிளே ஆஃப் நெருங்கும்போதுதான் அந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். விவரமான மேலாளர்கள் மாற்றுப் பாணியை அதுவரை ஒளித்துவைத்திருப்பார்கள்.

உற்சாகம் என்னும் சேமிப்பு

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முயற்சியின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டேக் இட் ஈசி' என்றால் அணி சற்று அலட்சியமாக ஆடும். அதற்குப் பதிலாக அணியின் உற்சாகம் ஏறும். 'கிரன்ச் டைம்' என்றால் உயிரைக் கொடுத்து ஆடும். சேர்த்துவைத்த உற்சாகம் சரிந்துவிடும். 'நார்மல்' இரண்டுக்கும் நடுவே. உற்சாகம் மிகுந்த அணி அடுத்தடுத்த ஆட்டங்களிலும் தன் திறமைக்கு மேல் ஆடும் என்பதால், இன்றைய முடிவு நாளைய ஆட்டத்தையும் பாதிக்கிறது.

இதன் பயன் ஒரு சிறு கணக்கில் விளங்கும். அடுத்த மூன்று ஆட்டங்கள் ஒரு பலவீனமான அணி, ஒரு சம பலமுள்ள அணி, ஒரு பலமான அணி ஆகியவற்றுடன் என்று வைத்துக்கொள்வோம். 'நார்மல்' முயற்சியில் வெற்றி வாய்ப்பு முறையே 95, 50, 10 சதவீதம். 'டேக் இட் ஈசி' எடுத்தால் 90, 35, 5. 'கிரன்ச் டைம்' எடுத்தால் 98, 65, 18. எண்கள் விளக்கத்துக்கானவை, ஆனால் அவற்றின் வடிவம் உண்மையானது. கூடுதல் முயற்சி பலவீனமான அணிக்கு எதிராக 3 சதவீதமும் பலமான அணிக்கு எதிராக 8 சதவீதமும்தான் தருகிறது. சம பலமுள்ள அணிக்கு எதிராக 15 தருகிறது.

மூன்றையும் 'நார்மல்' ஆடினால் எதிர்பார்க்கக்கூடிய வெற்றிகள் 1.55. முதலாவதையும் மூன்றாவதையும் அலட்சியமாக ஆடி, நடுவிலுள்ளதில் முழு மூச்சுடன் இறங்கினால் 1.60. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் சீசன் முழுதும் அது சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சம பலமுள்ள அணி தன் பிரிவிலேயே இருந்தால் அந்த வெற்றியின் மதிப்பும் கூடுதல். பலமான அணியிடம் வீரம் காட்டப் போய் உற்சாகத்தைக் கொட்டிவிட்டு, அடுத்த வாரம் சம பலத்தவரிடம் தோற்பது விதைநெல்லைச் சமைத்த கதைதான்.

குறைந்த வளத்தைப் பல களங்களில் பங்கிடும் இந்தச் சிக்கலை எமில் போரெல் 1921-இலேயே கணிதமாக எழுதினார். பிற்காலத்தில் அதற்குக் கர்னல் பிளாட்டோ ஆட்டம் என்று பெயர் வந்தது. நிஜ உலகிலும் பயிற்சியாளர்கள் இதைச் செய்கிறார்கள். 2012 நவம்பரில் சான் அன்டோனியோ பயிற்சியாளர் கிரெக் போபோவிச், மயாமிக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் தன் முன்னணி வீரர்கள் நால்வரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ரசிகர்களுக்கும் லீக்குக்கும் செய்த அநீதி என்று சொல்லி என்பிஏ அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. இணைய விளையாட்டில் அபராதம் கிடையாது. எதிராளியும் அதையே செய்யலாம் என்ற ஆபத்து மட்டும் உண்டு. ஒருவர் எவ்வளவு முயற்சி எடுத்தார் என்பது ஆட்டத்துக்கு முன் தெரியாது. முடிந்தபின், எந்த அணி கூடுதல் முயற்சி எடுத்தது என்ற தடயம் மட்டும் கிடைக்கும். அந்தத் தடயங்களைத் தொடர்ந்து குறித்துவருபவருக்கு, எந்த அணி உற்சாகத்தைச் சேர்த்துவைத்திருக்கிறது, எது செலவழித்துவிட்டு நிற்கிறது என்பது ஓரளவு புலப்படும்.

நிமிடங்களின் கணக்கு

ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக ஓர் ஆட்டத்தில் பங்கிடக் கிடைப்பவை 240 வீரர்-நிமிடங்கள். வாரத்துக்கு மூன்று ஆட்டம் என்றால் 720. இந்த எண்ணைச் சுற்றித்தான் வாரத் திட்டமே அமைகிறது.

வீரரின் ஆட்ட நிலை அவர் வாரத்தில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதைப் பொறுத்தது. மிகக் குறைவாக ஆடினாலும் மிக அதிகமாக ஆடினாலும் ஆட்ட நிலை கெடும். வாரத்துக்குச் சுமார் 50 முதல் 70 நிமிடம்வரை நல்லது என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் அளவு. ஆளுக்கு 60 நிமிடம் என்று பிரித்தால் 720 நிமிடம் பன்னிரண்டு பேருக்குப் போதும். நட்சத்திர வீரர் இரண்டு லீக் ஆட்டங்களில் தலா 40 நிமிடம் ஆடினாலே 80 ஆகிவிடுகிறது. அதனால் எளிதான லீக் ஆட்டத்தில் அவரை மாற்று வீரராக உட்காரவைப்பதும், நட்பு ஆட்டத்தில் அறவே ஒதுக்குவதும் வழக்கம். ஆட்ட நிலை கெட்ட சிறந்த வீரரைவிட ஆட்ட நிலை நன்றாக இருக்கும் நடுத்தர வீரர் மேல் என்ற நிலை சில வாரங்களில் உண்மையிலேயே வரும்.

பயிற்சியும் நிமிடங்களையே கேட்கிறது. ஒரு வாரத்தில் ஓர் இடத்துக்கு உரிய பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால், அந்த இடத்தில் 48 நிமிடம் ஆடிய வீரருக்கு முழுப் பலன். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அந்த ஓர் இடத்தில் கிடைப்பது 144 நிமிடம். ஆக ஒரே இடத்துக்கான பயிற்சியில் மூன்று பேருக்கு மட்டும் முழுப் பயிற்சி கிடைக்கும். இரண்டு இடங்களுக்கான பயிற்சியில் ஆறு பேருக்கு. ஆனால் முன்னேற்றம் மெதுவாக இருக்கும்.

இதனால் இன்றைய வெற்றியும் நாளைய அணியும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பாஸ் பயிற்சி பெற வேண்டிய பதினெட்டு வயது சென்டரைப் பாயிண்ட் கார்டு இடத்தில் நிறுத்தினால் திறன் ஏறும்; அந்த ஆட்டத்தில் தாக்குதலின் ஓட்டம் விழும். இந்த விலையைக் கொடுக்க ஏற்ற இடம், எப்படியும் வெல்லக்கூடிய ஆட்டமும், எப்படியும் தோற்கக்கூடிய ஆட்டமும், நட்பு ஆட்டமும். சம பலமுள்ள அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவரவர் இடத்தில் அவரவர் நிற்க வேண்டும். முயற்சியைப் பங்கிட்ட அதே மூவகைப் பிரிவு இங்கும் உதவுகிறது.

ஆட்டம் முடிந்தபின்

வெற்றி தோல்வி மட்டும் அடுத்த ஆட்டத்துக்கு வழிகாட்டாது. அமெரிக்கப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் 2004-இல் வெளிவந்த தன் நூலில், ஆட்டத்தைத் தீர்மானிக்கும் நான்கு காரணிகளைச் சொன்னார். எறியும் ஷாட்டின் தரம், பந்தைத் தவறவிடும் விகிதம், தாக்குதல் ரீபவுண்டு, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் விகிதம். இவற்றுக்கு அவர் தந்த எடை ஏறத்தாழ 40, 25, 20, 15 சதவீதம். இணைய விளையாட்டின் புள்ளி அட்டையையும் இந்த நான்கை வைத்துப் படிக்கலாம்.

ஓர் ஆட்டத்தில் நம் அணி 101-98 என வென்றதாகக் கொள்வோம். நாம் 80 ஷாட் எறிந்து 36 போட்டோம்; அவற்றில் 10 மூன்று புள்ளி ஷாட்டுகள். மூன்று புள்ளி ஷாட்டை ஒன்றரை ஷாட்டாக எண்ணினால் நம் ஷாட் தரம் 51.25 சதவீதம், நல்ல எண். பொசஷனைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு: எறிந்த ஷாட்டிலிருந்து தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, தவறவிட்ட பந்தைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கைச் சேர்ப்பது. 80 ஷாட், 10 ரீபவுண்டு, 14 தவறு, 25 ஃப்ரீ த்ரோ என்றால் 95 பொசஷன் வருகிறது. எதிரணிக்கு 88 ஷாட், 16 தாக்குதல் ரீபவுண்டு, 12 தவறு, 25 ஃப்ரீ த்ரோ, அதுவும் 95.

இரு அணிக்கும் பந்து கிடைத்த முறைகள் சமம். ஆனாலும் எதிரணி நம்மைவிட எட்டு ஷாட் அதிகமாக எறிந்திருக்கிறது. அதில் ஆறு நாம் விட்டுக்கொடுத்த ரீபவுண்டுகளால் வந்தவை. இரண்டு நாம் கூடுதலாகத் தவறவிட்ட பந்துகளால். வென்ற ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் ஓட்டை இது. ரீபவுண்டில் வலுவான அடுத்த அணியிடம் 3-2 சோன் ஆடக் கூடாது. 2-3 சோனுக்கு மாறலாம், அல்லது பவர் ஃபார்வேர்டு இடத்தில் ரீபவுண்டு திறன் கூடிய வீரரை நிறுத்தலாம்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே ஆட்டத்தில் ஒரு ஷூட்டர் பத்தில் இரண்டு போட்டார் என்பதற்காக அவரை ஓரங்கட்டக் கூடாது. ஷாட் விழுவதும் விழாததும் அன்றன்றைய அதிர்ஷ்டத்தால் பெரிதும் ஆடும். ரீபவுண்டு, தவறவிடுதல், ஆறு மதிப்பீடுகள் ஆகியவை அவ்வளவு ஆடுவதில்லை. எனவே திட்டத்தை மாற்றும் காரணமாக அவற்றையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷாட் சதவீதத்தைப் பல ஆட்டங்களின் சராசரியாக மட்டும் பார்க்க வேண்டும்.

சீசனின் கட்டங்கள்

தொடக்க வாரங்களில் எதிரணிகளைப் பற்றிய தகவல் குறைவு. சீசன் இடைவெளியில் வீரர்கள் கைமாறியிருப்பார்கள். அப்போது 'மேன்-டு-மேன்', தன் அணிக்குப் பழகிய தாக்குதல், 'நார்மல்' முயற்சி என்று நிதானமாகப் போவதே உசிதம். எளிதான ஆட்டங்களில் உற்சாகத்தைச் சேர்க்கத் தொடங்கலாம்.

நடுப்பகுதியில் பட்டியல் உருவம் பெறும். முதல் நான்கு இடத்துக்கு எத்தனை வெற்றி தேவைப்படும், எந்த அணிகளுடன் நேரடிப் போட்டி என்பது தெளிவாகும். சேர்த்த உற்சாகத்தை அந்த நேரடி மோதல்களில் செலவிட வேண்டிய காலம் இது. நாக் அவுட் முறையில் நடக்கும் கோப்பைப் போட்டியில் நீடிக்கும் அணிக்கு இன்னொரு நெருக்கடி: கோப்பை ஆட்டம் பயிற்சிக்கான நட்பு ஆட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நட்சத்திர வீரரின் நிமிடங்களையும் தின்னும். எந்தச் சுற்றுவரை கோப்பையைத் துரத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத அணி, இரண்டிலும் அரைகுறையாக நிற்கும்.

கடைசி வாரங்களில் கேள்வி மாறுகிறது. பிளே ஆஃப் இடம் உறுதியான அணிக்கு மீதமுள்ள லீக் ஆட்டங்கள் சேமிப்புக்கானவை. நட்சத்திர வீரரின் நிமிடங்களைச் சீராக்கி, ஆட்ட நிலையை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். சொந்த அரங்கின் சாதகம் யாருக்கு என்பது பட்டியல் இடத்தைப் பொறுத்தது என்றால் அந்த ஓர் இடத்துக்காகப் போராடுவதும் நியாயமே. கீழிறங்கும் ஆபத்திலுள்ள அணிக்கு நாளை என்பது இல்லை. பயிற்சியை ஒதுக்கிவைத்து, இருக்கும் உற்சாகம் அனைத்தையும் தன்னைப் போலவே தத்தளிக்கும் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கொட்டிவிடலாம். பிளே ஆஃப் தொடங்கியபின் சேமிப்புக்குப் பொருளில்லை. தோற்றால் சீசன் முடிந்துவிடும் ஆட்டத்தில் மிச்சம் வைத்த உற்சாகத்தால் யாருக்கும் பயனில்லை.